மூன்றாம் பாட்டிலிருந்து

மைக் சொருகுவதற்கு ஒரே ஒரு துளைதான் இருக்கிறது. கடைப்பெண் பெட்டியைக் கண்ணாடி மேசைமேல் வைத்து அதன் முதுகைத் திருப்பியதும் என் கண் போய் நின்ற இடம் அதுதான். கிடாருக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை, ஒலிபெருக்கிக்குப் போக இரண்டு. ஆசீர் இன்னும் அதைப் பார்க்கவில்லை. சன்னலோரம் நின்று, கீழே வண்ணார்பேட்டைச் சாலையில் ஊர்ந்து போகும் பேருந்துகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கிடார் உறையோடு அவர் தோளில் தொங்குகிறது. பாளையங்கோட்டையில் பஸ் ஏறும்போதே வாங்கி மாட்டிக்கொண்டார். "நீரு பெட்டி வாங்கப் போற மாப்பிள்ளைல்லா வாத்தியாரே, கையை வீசிட்டு வாரும்" என்றார். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். மேடைக்கு மேடை கிடாரைச் சுமந்தது அவர் தோள், மீட்டியது என் கை. எந்தப் பெட்டி, எதற்குப் பெட்டி என்று அவர் துருவவில்லை. கிடாரின் ஓசைக்கு ஒரு கருவி வாங்கவேண்டும் என்று சொன்னேன், அது பொய்யன்று. உயரமான ஆலயத்துக்குள் மீட்டியதுபோல் இந்தப் பெட்டி கிடாரின் ஓசையை விரித்துத் தரும், கேட்டுக்கொண்டால் தூறல்போல் சிதறடித்தும் தரும். ஆனால் அது பாதி. மறுபாதி இது: ஒருவன் பாடினால் அவன் குரலையே எடுத்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு குரல்களைப் பின்னி, அவனோடு சேர்ந்து பாடவைக்கும். அப்புறம் அவனுக்கு இரண்டாம் குரலுக்கென்று ஓர் ஆள் வேண்டியதில்லை. அந்தப் பாதியை நான் ஆசீரிடம் சொல்லவில்லை. பிள்ளைகளே, பாதி உண்மையைச் சொல்லுகிறவன் மறுபாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிறான், அது அங்கேயே கிடந்து அழுகும், முதலில் அவனுக்குத்தான் நாறும் என்று எட்டாம் வகுப்பு நீதிபோதனை வகுப்பில் வருஷந்தோறும் சொல்லுகிற வாய் இது. ஞானசிகாமணி சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் நம்பி எழுதிக்கொள்கின்றன. என் சட்டைப்பையை நானே தொட்டுப் பார்க்கிறேன். கண்ணாடிக்கூடும் ஒரு பேனாவும் இருக்கின்றன.

அந்த இரண்டு விரல்களை மறக்கவேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது. சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஒரு சபையில் அசனப் பண்டிகை. மத்தியானம் ஊர் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் உண்டு எழுந்தபின், நான்கு மணிக்குப் பந்தலில் எங்கள் பாட்டுகள். எட்டுப் பாட்டு, எல்லாம் நான் எழுதி மெட்டமைத்தவை, முதல் குரல் நான், இரண்டாம் குரல் ஆசீர். எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பாட்டிலும் கடைசிச் சரணம் வந்ததும் நான் கிடாரை நிறுத்திவிடுவேன். துணையில்லாமல் இரண்டு வெறுங்குரல்கள் மட்டும் நடந்துபோகும்; கடைசி வரியின் கடைசிச் சொல்லில் கிடார் திரும்ப வந்து அந்தக் குரல்களின் அடியில் மரப்பலகைபோல் பொருந்தும். பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறையும் பிசகியதில்லை. கேட்கிறவர்கள் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆண்டவர் எனக்குத் தந்த காது என்று பல மேடைகளில் சாட்சி சொல்லியிருக்கிறேன். அன்று மூன்றாம் பாட்டுக்கு அந்தச் சபையின் தம்பி ஒருவன் கீபோர்டோடு துணைக்கு வந்தான். எங்கள் வழக்கம் அவனுக்குத் தெரியாது. நான் கிடாரை நிறுத்தினாலும் அவன் நிறுத்தாமல் மெல்ல வாசித்துக்கொண்டே இருந்தான். மூன்றாம் பாட்டின் கடைசிச் சரணத்தில் ஆசீரின் குரல் என் குரலோடு உரசியது. சோற்றில் கல் கடிபட்டதுபோல. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். இன்னும் உரசியது. ஐம்பத்தாறு வயதில் இவருக்குக் காது போய்விட்டது, அல்லது கவனம் போய்விட்டது, ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது, பாட்டு என்னுடையது என்றெல்லாம் ஒரு மூச்சுக்குள் எண்ணினேன். கிடாரை நிறுத்தியிருந்ததால் வலக்கை சும்மா இருந்தது. சும்மா இருக்கிற கை என்னென்ன செய்யும் என்பதைப் பற்றியும் நான் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுவதுண்டு. பந்தலின் ஓரத்தில், மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன்; இரண்டு விரலை ஆசீர் நின்ற பக்கம் நீட்டி, பூமியை நோக்கித் தாழ்த்தினேன். அவ்வளவுதான். அவர் தலையசைத்து ஒரு குமிழைக் கீழே இழுத்தார். மிச்சம் ஐந்து பாட்டையும் ஆசீர் செத்த மைக்கில் பாடினார்; ஒற்றைக்குரல் ஆகிவிட்டதால் அவற்றில் நான் கிடாரை நிறுத்தவில்லை. ஒலிபெருக்கிகள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்து நின்றன. மேடையில் நிற்கிறவனுக்குத் தன் தொண்டைதான் பெரிதாகக் கேட்கும். அவருக்குத் தெரியாது. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு நல்லா அமைஞ்சுது, என்னவே?" என்றார். அமைஞ்சுது என்றேன். அந்தச் சொல்லையும் மறக்கவேண்டும்.

"கிடாரைத் தாங்க சார், கேட்டுப் பாத்துருவோம்" என்கிறாள் கடைப்பெண். அவள் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் நிலோஃபர் என்று இருக்கிறது. ஆசீர் உறையைத் திறந்து, குழந்தையைக் கைமாற்றுவதுபோல் கிடாரை என்னிடம் தருகிறார். மேசைமேல் இப்போது இரண்டு பெட்டிகள், ஒன்று சிறியது, ஒன்று பெரியது; இரண்டிலும் காலால் மிதிக்கும் பொத்தான்கள். வழக்கம்போல் கிடார்க் கழுத்தின் இரண்டாவது ஃப்ரெட் கட்டையில் கேப்போவை மாட்டுகிறேன். ஆறு கம்பிகளையும் குறுக்கே இறுக்கிப் பிடித்துச் சுருதியை ஏற்றிக்கொடுக்கும் அந்தக் கிடுக்கி இல்லாமல் எனக்குப் பாட வராது. "சின்னப் பெட்டிக்கு நாமதான் சுருதியைச் சொல்லணும். என்ன சுருதி சார்?" "ஜி" என்கிறேன். என் விரல்கள் பத்தொன்பது வருஷமாக அந்தப் பிடியைத்தான் பிடிக்கின்றன. அவள் ஒரு குமிழைத் திருகுகிறாள். பாடுகிறேன். ஐயோ, மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், இரண்டும் என் குரல்தான், இரண்டும் என்னைத் தெரியாது என்று சொல்லி ஓடுகின்றன. அடுத்த வரிசையில் மகளுக்குக் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு தகப்பன் முகம் சுளிக்கிறார். "பெட்டியில் ஏதோ கோளாறு" என்கிறேன், யோசிக்காமல். நிலோஃபர் என் இடக்கையைப் பார்க்கிறாள். "பெட்டியில இல்ல சார். நீங்க பிடிக்கிறது ஜி. கேப்போ ரெண்டு ஃப்ரெட் ஏத்தி வெச்சிருக்கு. வெளியில கேக்கிறது ஏ. பெட்டி பாவம், நீங்க சொன்னதை நம்பிருச்சு." ஆசீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அவரு வாத்தியாரும்மா. அவரு விரலு சொல்லுததுதான் சுருதி. மத்தவங்கதான் மாத்திக்கிடணும்." நானும் சிரிக்கவேண்டியிருக்கிறது. ஆனால் முதலில் வாயில் வந்த சொல் என்ன? கோளாறு. யாரிடம்? பெட்டியில். ஏன் இவ்வளவு விரைவாக வந்தது? தேடாமலே கைக்குக் கிடைத்ததே, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய பொருள்போல. இதை இப்போது நினைக்கவேண்டாம். பெட்டி வாங்க வந்திருக்கிறேன்.

இதோ, ஆசீர் பெட்டியின் முதுகைப் பார்த்துவிட்டார். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மின்கம்பத்தில் இணைப்புத் தேடுகிறவர்போல விரலால் தடவுகிறார். முப்பது வருஷம் மின்வாரியத்தில் லைன் பார்த்தவர், துளைகளைத் தடவித்தான் அவருக்குப் பழக்கம். "ஏம்மா, இன்னொரு மைக்கு எங்க சொருகணும்?" "இது ஒரு ஆளுக்குத்தான் சார்." "ஒரு ஆளுக்கா?" என் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்குகிறது. குளிர்சாதனம் ஓடுகிறது, ஆனாலும் இறங்குகிறது. இப்போது கேட்பார். இப்போது திரும்பி, அப்ப நான் எதுக்குவே என்று கேட்பார். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்டுவிடும் ஆசீர், நீரே கேட்டுவிட்டால் எனக்குப் பாதி பாரம் குறையும். அவர் நிமிர்ந்து மோவாயைத் தடவுகிறார். "அப்ப சரி. நான் நேரா மிக்ஸர்லயே போட்டுக்கிடுதேன். வாத்தியாரு மூணு பேரு, நான் ஒருத்தன். ஆக நாலு பேரு. சவப்பெட்டியே தூக்கிரலாம்." நிலோஃபர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்கிறாள். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வராத மனிதனை ஏமாற்றுவது எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம். கதவு பூட்டாத வீட்டில் திருடப் போனவன் கதை ஒன்றை நான் கட்டியிருக்கிறேன். வீட்டுக்காரன் விழித்துக்கொண்டு, வாரும், தண்ணி குடிக்கிறீரா என்பான். திருடன் தண்ணீரைக் குடித்துவிட்டு, எடுத்த பொருளோடு நடுக்கூடத்தில் நிற்பான். அந்தக் கதைக்கு முடிவு எழுதவில்லை. திருடன் என்ன செய்தான் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நீங்களே யோசியுங்கள் என்று மணியடித்ததும் வந்துவிட்டேன்.

பஸ்ஸில் அவர் சொன்னது வேறு குத்துகிறது. ரோஸ்லினைப் பற்றி. ரோஸ்லின் அவர் மனைவி. எங்கள் பாட்டுக்கு வராதவள், அந்த அசனத்துக்கு மட்டும் வந்திருந்தாள், பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். "வாத்தியாரே, அவளுக்குக் காது அடைச்சுப் போச்சுன்னு நினைக்கேன். அன்னைக்கு வீட்டுக்குப் போனதும், பாதிப் பாட்டுக்கு உங்க சத்தமே கேக்கலியே, வாயை மட்டும் அசைச்சீங்களான்னு கேக்கா. எனக்கு வந்த கோவம்! செவிடா உனக்குன்னு கத்திட்டேன். பொறவு யோசிச்சா, நெசமாவே கேக்கலியோ என்னமோ. இப்ப அவளே பயந்துட்டா. குக்கர் விசில் அடிச்சா, எத்தனை அடிச்சுதுன்னு எங்கிட்ட வந்து கேக்கா. திங்கக்கிழமை காது டாக்டருக்கு டோக்கன் போட்டிருக்கேன்." நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். டயர் பஞ்சர். ஜெராக்ஸ். மணவறை அலங்காரம். ஒரு பெண் தன் அடுப்படியில் நின்று தன் காதையே சந்தேகித்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை விசில் என்று எண்ணத் தெரிந்தவள், எண்ணியதை நம்ப முடியாமல் இன்னொருவரிடம் கேட்கிறாள். என் இரண்டு விரல் அத்தனை தூரம் போயிருக்கிறது. திங்கட்கிழமை ஒரு மருத்துவர் அவள் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார். ஒன்றுமில்லையே அம்மா என்பார். ஒன்றுமில்லை என்றால் அவள் இன்னும் பயப்படுவாள் அல்லவா? காதில் இல்லையென்றால் மூளையிலோ என்பாளே. அப்போதே பஸ்ஸிலேயே சொல்லியிருக்கவேண்டும். மேம்பாலத்தில் ஏறும்போது சொல்லலாம் என்று எண்ணினேன். பாலத்தில் நடத்துநர் வந்தார். இறங்கியபின் சொல்லலாம் என்று எண்ணினேன். இறங்கியதும் அவர் டீ குடிக்கலாம் என்றார். நல்ல செயலுக்கு எப்போதும் அடுத்த நிறுத்தத்தைக் காட்டுகிற மனமே, நீ எந்த ஊருக்குப் போகிறாய்?

"பெரிய பெட்டியைப் பாருங்க சார்" என்கிறாள் நிலோஃபர், இணைப்புக் கம்பிகளை மாற்றிச் சொருகிக்கொண்டே. "இதுக்கு நாம சுருதி சொல்ல வேண்டாம். கிடாரை அதுவே கேட்டுப் புரிஞ்சுக்கும். நீங்க கிடாரை நிறுத்தினாலும் கடைசியா கேட்ட சுருதி அதுக்கு ஞாபகம் இருக்கும். உங்க குரல் அதுல நின்னா இந்த விளக்கு பச்சை. விலகினா சிவப்பு." நல்லது. என் வழக்கம் தெரிந்த பெட்டி. கிடார் நின்றபின்னும் துணைநிற்கும், உரசாது, வயதாகாது, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்காது. கிடாரை மடியில் சரித்துக்கொண்டு மைக்கைக் கிட்ட இழுக்கிறேன். மூன்றாம் பாட்டையே பாடுகிறேன். வேறு பாட்டு ஏழு இருக்க ஏன் அதுவே வருகிறது என்று தெரியவில்லை. புண்ணிருக்கும் பல்லை நாக்கு தேடிப்போகிறது. பல்லவி. பச்சை. முதல் சரணம். பச்சை. அடடா, என்ன சேர்க்கை. மூன்று ஞானசிகாமணிகள் நின்று பாடுகிறார்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் ஒருவரும் தவறவில்லை, மூவருக்கும் மூச்சு ஒன்றே. சொல்லை ஒருவர் முந்தவில்லை, ஒருவர் பிந்தவில்லை. நான் குரலை நடுக்கினால் அவர்களும் நடுக்குகிறார்கள். நான் இழைத்தால் இழைக்கிறார்கள். மகளோடு வந்த தகப்பன் இப்போது தலையாட்டுகிறார். கடைசிச் சரணம். கிடாரை நிறுத்துகிறேன். வெறுங்குரல், வெறுங்குரல்கள், மூன்றும் நான். "விதைத்தவர் மறந்த வயலிலும் மழை இறங்கும்" என்ற வரியை நோக்கி நடக்கிறோம். இரண்டாம் வரி பச்சை. மூன்றாம் வரியில் விளக்கு சிவக்கிறது. விளக்கில் கோளாறு. மறுபடியும் அந்தச் சொல். குரல்கள் அழகாகத்தானே இருக்கின்றன, எங்கே உரசுகிறது, எங்கும் உரசவில்லை, மூவரும் ஒருமனப்பட்டிருக்கிறோம், ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டிருக்கிறோம், சிவப்பு, சிவப்பு, இன்னும் சிவப்பு, கடைசிச் சொல் வருகிறது, கை தானாகக் கிடாரில் விழுகிறது. விழுந்த கணத்தில் கடை முழுவதும் கேட்கிறது. கிடார் மேலே நிற்கிறது. நாங்கள் மூவரும் ஒரு படி கீழே, தோளில் கைபோட்டுக்கொண்டு, மனநிறைவோடு, தப்பான இடத்தில் நிற்கிறோம்.

ஆசீர் மறுபடியும் சிரிக்கிறார்; குத்திக்காட்டுகிற சிரிப்பன்று, வீட்டுக்காரரின் பழக்கம் தெரியாத விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "இந்தப் பெட்டிக்கு உம்மைப் பத்தித் தெரியலவே. நீரு இறங்குதீரு, அதுவும் கூடவே இறங்குது. தூக்கி வைக்கத் தெரியல." என்ன சொல்லுகிறீர் என்கிறேன். மைக்கின் வழியே அதையும் மூன்று பேர் கேட்கிறார்கள். "மூணாவது வரியில நீரு சுருதியை விட்டு இறங்குவீருல்லா, எப்பவும். நானும் உம்ம கூடவே இறங்கிருவேன். இல்லன்னா உரசும்லா. கடைசி வரியில 'மழை'ன்னு ஒரு இழுப்பு வருதுல்லா, அங்க நான் மெல்ல மேல இழுப்பேன். நீரு என்னைப் பிடிச்சுக்கிட்டு ஏறி வந்துருவீரு. கிடார் விழும்போது சரியா நிக்கும். எல்லாப் பாட்டுலயும் ஏதாவது ஒரு சொல்லு அப்படி வெச்சிருக்கேன்." "எவ்வளவு காலமாக?" "அது என்ன கேள்வி? மொத மேடையில இருந்துதான். உமக்குத் தெரியும்னுல்லா நினைச்சேன்." அவர் மேசையைச் சுற்றி வந்து, என் தோளுக்கு மேலாக மைக்கின் பக்கம் குனிந்து, அதே சரணத்தைத் தனியே பாடுகிறார். விளக்கை நான் பார்க்கிறேன். முதல் வரி பச்சை, இரண்டாம் வரி பச்சை, மூன்றாம் வரி பச்சை, கடைசிச் சொல்வரை பச்சை. நிலோஃபர் கிடாரின் கம்பிகளை ஒரு விரலால் தடவுகிறாள். அவர் குரலின் அடியில் அது மரப்பலகைபோல் பொருந்துகிறது. "அசனத்துலதான் முடியாமப் போச்சு" என்கிறார், சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு. "அந்தக் கீபோர்டுத் தம்பி நிப்பாட்டாம வாசிச்சிட்டே இருந்தான். அவனை விட்டுட்டு உம்ம கூட இறங்கினா ஊரு சிரிக்கும். அதான் நின்னுட்டேன். மூணாவது பாட்டுல கொஞ்சம் உரசிச்சு, நீரு கூட திரும்பிப் பாத்தீரு. பொறவு நீரு எந்தப் பாட்டுலயும் கிடாரை நிப்பாட்டலை. எனக்காக வழக்கத்தையே மாத்திக்கிட்டாரேன்னு நினைச்சேன். ரோஸ்லின்கிட்ட அதைச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்."

ஏணி சுமந்த இருவர் கதை ஒன்று நான் சொல்லுவதுண்டு. நீளமான ஏணி, குறுகலான தெரு. முன்னால் போகிறவன் வழியைப் பார்க்கிறான், பின்னால் வருகிறவன் முன்னவனின் முதுகைப் பார்க்கிறான். ஏணி ஆடுகிறது. நீ ஒழுங்காக வராததால்தான் ஆடுகிறது என்று முன்னவன் கடிந்துகொள்கிறான்; பின்னவன் அடிபார்த்து நடக்கத் தொடங்கியதும் ஏணி நிற்கிறது. ஆகவே, பிள்ளைகளே, பின்தொடர்வது ஒரு கலை. போன வருஷம் கடைசிப் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், தெரு திரும்புற இடத்துல பின்னாடி வர்றவரு என்ன செய்வாரு?" என்று கேட்டாள். அது கதையில் இல்லை, உட்கார் என்றேன். முன்னவன் ஒரு எட்டில் திரும்பிவிடுவான், அம்மா. பின்னவன் சாக்கடை ஓரம்வரை அகலச் சுற்றி வந்து, சுவரில் தோளைத் தேய்த்துக்கொண்டு, ஏணியைக் காப்பாற்றுவான். முன்னவனுக்கு அது தெரியாது. அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போவான், எனக்கு ஆண்டவர் தந்த கால் என்று. இதை நான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவேண்டும். அதற்குமுன் வேறொருவருக்குச் சொல்லவேண்டியது இருக்கிறது. "எடுத்துக்கிறீங்களா சார், பெரிசையே பேக் பண்ணிரவா?" என்கிறாள் நிலோஃபர். அடுத்த நிறுத்தம். பில் போட்டபின் சொல்லலாம். டீ குடிக்கும்போது சொல்லலாம். திங்கட்கிழமை டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னபின், ரோஸ்லின் ஆறுதலானபின், மெதுவாக. இல்லையென்றால் சொல்லாமலே, இனிமேல் நன்றாக நடந்துகொண்டு ஈடுகட்டலாம். எத்தனை வாசல்கள் திறக்கின்றன பார், ஓடுகிறவனுக்கு. மனமே, நில். ஒரே ஒருமுறை நில். நாளைக்கு நல்லவனாக இருப்பதற்கு இன்றைக்கு ஒருவனும் சம்பளம் கேட்பதில்லை, அதனால்தான் எல்லாரும் நாளைக்கு நல்லவர்களாக இருக்கிறார்கள். வாயைத் திற.

"ஆசீர்" என்கிறேன். "அசனத்தன்னைக்கு உம்ம மைக்கை நான்தான் அணைக்கச் சொன்னேன்." மைக் வாய்க்கு முன்னாலேயே இருந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கடையின் இரண்டு மூலையிலிருந்தும் மூன்று பேர் அதைச் சொன்னார்கள், ஒருவர் உயரக் குரலில், ஒருவர் அடிக்குரலில், நடுவில் நான். பின்னிய சேர்க்கையோடு, ஆலயத்து எதிரொலியோடு, அழகாக. தகப்பனும் மகளும் திரும்பிப் பார்த்தார்கள். எதிரொலி அடங்கும்வரை ஆசீர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார், பெட்டிதான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறது என்பதுபோல. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன எதிர்பார்த்தேன்? அடிப்பார் என்றா? சிரித்துவிடுவார் என்றா? அவர் கேட்டது ஒன்றுதான். "எந்தப் பாட்டுல இருந்து?" "மூணாவது. கடைசிச் சரணம்" என்றோம் நாங்கள் மூவரும். நிலோஃபர் கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினாள். கடையில் குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ஆசீர் இடக்கை விரல்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். நாலாவது. அஞ்சாவது. ஆறாவது. உதடு அசைந்தது, ஒவ்வொரு பாட்டின் முதல் வரியையும் அவர் சத்தமில்லாமல் பாடிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. எட்டாவதில் வந்து விரல் நின்றது. "அப்ப அவளுக்குக் காது நல்லாத்தான் கேட்டிருக்கு" என்றார்.

ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். மன்னியும் என்றா? அந்தச் சொல்லைப் பற்றி எத்தனை வகுப்பு எடுத்திருக்கிறேன், எத்தனை சரணம் எழுதியிருக்கிறேன், இப்போது அது நாக்கில் வேறு யாரோ மென்று தந்ததுபோல் இருந்தது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்வே. நான் கம்பத்துல ஏறுன காலத்துல கீழ நிக்கவன் லைனை அணைச்சிட்டேன்னு கத்துவான், அதை நம்பித்தான் கையை வைப்பேன். ஒரு நாளும் சோதிச்சுப் பாத்ததில்ல. அப்படியே பழகிட்டேன்." மூச்சு வாங்கினார். "அவ மூணு வாரமா விசிலு எண்ணிக்கிட்டுக் கிடக்கா. செவிடான்னு கேட்டவன் நான். வாரும். வந்து அவகிட்டச் சொல்லும். இந்தப் பெட்டி வேண்டாம். ஒத்தைக் குரல்ல சொல்லும்."

சொல்லிவிட்டு அவர் படிக்கட்டை நோக்கி நடந்தார். வாங்கவில்லை, அம்மா, சிரமம் தந்துவிட்டேன் என்று நிலோஃபரிடம் சொன்னேன். அவள் கிடாரிலிருந்து இணைப்புக் கம்பியை உருவிக் கொடுத்தாள். உறை நாற்காலியில் கிடந்தது. அவர் எடுக்கவில்லை. நானே கிடாரை உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அதன் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டேன், நினைத்ததைவிடக் கனம். அவர் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. படிக்கட்டு பாதியில் வளைகிறது. அவர் ஒரு எட்டில் திரும்பிப் போய்விட்டார். நான் திரும்பியபோது கிடாரின் தலை சுவரில் இடித்தது. ஒரு படி பின்னேறி, கைப்பிடிக் கம்பியோரம் ஒதுங்கி, அகலச் சுற்றிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன்.